வாழைநாரில் கட்டிய அரளி

ஜன. 11, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு மாடித் தொட்டி தெரியவில்லை. கமலா துணி காயப்போட மேலே போனாள், அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அரளிக்கு வேலை. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வரிசை, எல்லாம் சிவப்பு, ஒற்றை அடுக்கு. நுனிகளில் மஞ்சள் அசுவினிப் பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சியதில் பாதி போனது. மீதிக்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும். பூத்து ஓய்ந்த கிளைகளின் நுனியை வெட்டினேன். வெட்டிய இடத்தில்தான் இரண்டு மூன்றாகப் பிரியும், புது நுனியில்தான் பூக்கும். பால் கையில் பட்டது. சோப்பு போட்டுக் கழுவியாயிற்று.

இங்கே மண் என்று சொல்வது கட்டடம் எழுப்பியபோது கொட்டிய செங்கல் தூள். செம்பருத்தி வைத்தோம், போயிற்று. முல்லை, போயிற்று. மழைக்காலத்தில் பென்சில் கனத்தில் அரளிக் குச்சி ஊன்றினேன், அவ்வளவுதான். போன கோடையில் குடியிருப்பு முழுக்க லாரித் தண்ணீருக்குச் சண்டை. அரளிக்கு ஒரு குவளைகூட ஊற்றவில்லை. ஓர் இலை வாடவில்லை. காலையில் எல்லா வீட்டுச் சாமிக்கும் இந்தப் பூதான்.

மாலை, வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம். பொங்கல் விழா. செயலாளர் ஞானவேல் (முதல் மாடி, தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு) தலைமை. கோலப் போட்டி, உறியடி, பிறகு ஒரு புது யோசனை: மாட்டுப் பொங்கலுக்கு மாடு. இருபத்து நான்கு வீடுகள், ஒரு மாடு கிடையாது. பின்தெரு பால்கார மல்லிகாவிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேட்பதாக முடிவு.

கடைசி வரிசையில் ஒரு குரல்: "மாடு லிஃப்ட்ல வருமா சார்?"

ஞானவேல் சிரிக்கவில்லை.

வாங்க வேண்டியது: சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி, கமலாவுக்குக் கண் சொட்டு மருந்து, வேப்பெண்ணெய்.


ஜன. 13, செவ்வாய்

பூந்தமல்லி. பத்திரிகையின் வாரப் பக்கத்துக்குப் பேருந்து நிலையம் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பண்டிகைக் கூட்டம். ஏறிக்கொண்டே ஒருவர் மெட்ரோ எப்போது வரும் என்று நடத்துநரைக் கேட்டார். "மெட்ரோ வர சொல்ல வரும். இப்ப நீ உள்ள வா நைனா, படில நின்னுகினு பேட்டி எடுக்காத." எனக்குச் சொன்னதுபோல் இருந்தது.

பேட்டரி வாங்கினேன். கண் மருந்து மறந்துவிட்டேன். கமலா சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நித்யா வந்தாள். மூன்றாம் மாடி, கோயம்புத்தூர்ப் பெண், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. மாட்டுக்கு மாலை கட்டும் பொறுப்பு அவளுக்கு.

"எங்க அம்மா ஆவாரம்பூதான் கட்டணும்னு சொல்றாங்க சார். ஆவடி மார்க்கெட் பூரா தேடிட்டேனுங்க, இல்ல. நம்ம செவ்வரளி பறிச்சுக்கட்டுங்களா? நம்ம எடத்துலயே வளந்தது, நல்லா இருக்குமல்லங்க?"

மாடு தின்றுவிடாதா என்று கமலா கேட்டாள். நானும் யோசித்தேன். மல்லிகாவிடமே கேட்டுவிடு என்றேன். நித்யா அங்கேயே நின்று தொலைபேசியில் கேட்டாள். மல்லிகாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அரளியா? அத்த மாடு மோந்துகூட பாக்காதும்மா. தினம் உங்க செவுத்தாண்டதான் மேயுது, ஒரு எல கடிச்சுகீதா பாத்தியா? கட்டு, கட்டு. பேபிக்கு செவப்பு எடுப்பா இருக்கும்."

பேபி என்பது மாடு. உண்மைதான், நானும் தினம் பார்க்கிறேன். சுவர் ஓரப் புல்லைக் கரண்டி வைத்து வழித்தாற்போல் மேயும், அரளிப் பக்கம் மூக்கைத் திருப்பாது.


ஜன. 14, போகி

விடியலுக்கு முன்பே புகை. தொண்டை கரகரப்பு.

வாசலில் பழைய பாய், அட்டைப்பெட்டி, உடைந்த நாற்காலி. காவலாளி நான் ஞாயிறன்று வெட்டிய அரளிக் குச்சிகளையும் காய்ந்த கட்டாகக் கொண்டுவந்தார். நெருப்பில் போடக்கூடாது, புகையும் ஆகாது என்று வாங்கி மூட்டையில் கட்டிவைத்தேன். "குச்சிக்குக் கூடவா சார் இவ்ளோ கெடுபிடி?" என்றார்.

கண் சொட்டு மருந்து வாங்கியாயிற்று.


ஜன. 15, பொங்கல்

பால் பொங்கியது. கிழக்குப் பக்கம். கமலாவுக்குத் திருப்தி. மகன் காணொளியில் வந்தான், பேரனுக்குத் தூக்கம். மதியம் நானும் தூங்கினேன். வேறொன்றும் இல்லை.


ஜன. 16, மாட்டுப் பொங்கல், வெள்ளி

காலை பறிப்பு. பூ குறைவு, தையில் அப்படித்தான். மாலை தடியாக வரவில்லை என்று நித்யா இடையிடையே இலைக் கொத்தும் வைத்துக் கட்டினாள். நூல் வேண்டாம், மாட்டின் கழுத்தை அறுக்கும் என்று வாழைநார். கமலா கட்டிக் காட்டினாள். நல்ல மாலை.

பத்து மணிக்குப் பேபி வந்தது. வெள்ளையில் பழுப்பு, கொம்புக்கு நீல வர்ணம். ஏழு மாதச் சினை. மல்லிகா பால் வற்ற விட்டிருக்கிறாள். இன்னொரு பசு வைத்திருக்கிறாள், அதன் கறவைதான் இப்போது எங்களுக்கு. கணவன் இல்லை, நிலம் இல்லை. "இது கன்னு போட்டாதான் எனக்கு அடுத்த வருசம்" என்று போன மாதமே சொல்லியிருந்தாள்.

ஒரு வீடு விடாமல் வந்து பொங்கல் ஊட்டினார்கள். வாழைப்பழம். கரும்புத் துண்டு. மாடு வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. மாலையை முகர்ந்தது, தும்மியது, விட்டுவிட்டது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மல்லிகா.

இரண்டாம் மாடிக் கணவர் மனைவியிடம்: "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஊட்டியிருக்கியா?" மனைவி: "நீங்க சாணிய வெளிய போட மாட்டீங்கன்னு எழுதிக் குடுங்க, ஊட்டறேன்."

சாணி போட்டது. ஞானவேலின் காருக்குப் பக்கத்தில். அவரே கழுவினார்.

மாலையோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள் மல்லிகா. தெருவே பார்த்தது. கட்டுரை முடித்து அனுப்பினேன்.


ஜன. 17, சனி, காணும் பொங்கல்

மதியம் இரண்டரை இருக்கும். நித்யா கதவைத் தட்டினாள், செருப்பில்லாமல். "பேபி படுத்துருச்சுங்க சார். எந்திரிக்க மாட்டேங்குது."

போனோம். ஞானவேலும் வந்தார். கொட்டகைக்குப் பின்னால் காலி மனை, முன்னால் ஒரு வேப்பமரம். மாடு பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டி. வாயில் நுரை. கழிச்சல். காதைத் தொட்டேன், சில்லென்று. மல்லிகா தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள், தலை நழுவிக்கொண்டே இருந்தது. "எந்திரி பேபி. இன்னாடி ஆச்சு உனுக்கு. எந்திரிம்மா."

கால்நடை மருத்துவர் விடுமுறையிலும் வந்தார். இளம் பெண், ஸ்கூட்டர். முதல் கேள்வி: "பொங்கல் எவ்ளோ குடுத்தீங்க?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். சோறு அதிகமாகிப் புளித்துவிட்டது, இந்த இரண்டு நாளும் எங்கு போனாலும் இதே கதை என்றார். சினைமாடு, படுத்துவிட்டது, ரத்தத்தில் கால்சியமும் குறைந்திருக்கும். பாட்டிலை எடுத்தார். வேப்பங்கிளையில் கட்டக் கயிறு கேட்டார்.

கயிறு தேடிக் கொட்டகைக்குள் போனேன். மூங்கில் தூணில் நேற்றைய மாலை. மாலை என்று சொல்ல முடியாது. மேலே முடிச்சும் ஒரு சாண் நாரும் தொங்கின, நுனி மெல்லப்பட்டுப் பிசிறாக. கீழே தொட்டியிலும் தரையிலும் வாடிய பூக்கள், இலைகள். சில முழுசாக. சில பாதி, விளிம்பில் பல் பட்டு.

வாழைநார். மாட்டுக்குப் பிடித்தது அது. நாரை இழுத்திருக்கிறது, நாரோடு இலையும் போயிருக்கிறது. பச்சையில் கிட்ட வராத மாடு, வாடினால் வரும் போலிருக்கிறது.

பாதி கடிபட்ட இலைகளைப் பொறுக்கினேன். திரும்பினால் ஞானவேல் நிற்கிறார். அவரும் தூணைப் பார்த்துவிட்டார்.

"சார், வாயத் தொறக்காதீங்க." குரலைத் தாழ்த்தி. "பொங்கல்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. வைத்தியமும் ஆரம்பிச்சாச்சு. நாம போய் அரளின்னா, நாளைக்கு மாடு செத்தா சங்கம் வெஷம் வெச்சதுன்னு ஊரே பேசும். அந்தப் பொண்ணு மாலை கட்டுச்சு, அதை நெனச்சுப் பாருங்க. உங்க செடியும் ஒண்ணு மிஞ்சாது."

தவறான பேச்சு என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். ஆனால் வெளியே பாட்டிலில் ஊசிக்குழாய் மாட்டும் சத்தம்.

போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அரளி. நேற்றைய மாலை. தின்றிருக்கிறது.

மருத்துவர் இலையை வாங்கி முகர்ந்தார், பாட்டிலை அப்படியே தரையில் வைத்தார். ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"விட்டு விட்டு அடிக்குது." பிறகு: "இதுதான். இந்த நேரத்துல கால்சியம் ஏத்தியிருந்தா இதயம் நின்னாலும் நின்னிருக்கும். யார் கட்டுனது மாலை?"

"நான்தானுங்க," என்றாள் நித்யா.

"நான்தான் தின்னாதுன்னு சொன்னேன்," என்றாள் மல்லிகா உடனே. "கயட்டி தூண்ல மாட்டுனதும் நான்தான். அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத டாக்டரு."

மருத்துவர் பையிலிருந்து வேறு ஊசி எடுத்துப் போட்டார். கரித்தூள் கரைத்து மூங்கில் குழலில் ஊற்றினார்கள், பாதி மல்லிகாவின் மேல். தின்றது கொஞ்சமாக இருந்தால் பிழைக்கும். நாளைக் காலை வரை சொல்ல முடியாது. கன்று பற்றி அப்புறம்தான்.

ஞானவேல் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. ஆனால் மருத்துவரின் பையை ஸ்கூட்டர் வரை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.


ஜன. 18, ஞாயிறு

உயிரோடு இருக்கிறது. எழவில்லை.

காலையில் போனேன். நித்யா எனக்கு முன்பே அங்கே. கொட்டகையைத் தேய்த்துக் கழுவி, சருகு ஒன்று விடாமல் பொறுக்கியிருந்தாள். மல்லிகா: "பாரு சார், கம்ப்யூட்டர் பொண்ணு சாணி அள்ளுது. மாசச் சம்பளம் கேட்டா இன்னா பண்ணுவேன்?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் காலை முதல் ஓயவில்லை. சில:

— விஷச் செடியைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் யார் வைத்தது?

— என் மாமியார் தினம் அந்தப் பூவைத்தான் பறிக்கிறார்.

— மாமியார் நலமா?

— நலம். அதான் கேட்டேன்.

— எல்லாவற்றையும் வேரோடு எடுக்க வேண்டும்.

கடைசிச் செய்திக்குக் கட்டைவிரல்கள் வரிசையாக. நான் ஒரு செய்தி போட்டேன்: செடி முழுவதும் நஞ்சு, உண்மை. இலை, பால், விதை, காய்ந்த குச்சி, எல்லாம். பூ பறித்தால் கை கழுவினால் போதும். வெட்டிய கழிவைத் திறந்த இடத்தில் போடக்கூடாது, எரிக்கக்கூடாது. அதற்குக் கட்டைவிரல் ஒன்று. கமலா.


ஜன. 20, செவ்வாய்

பேபி எழுந்து நின்றது. மல்லிகாவே வந்து வாசலில் நின்று கத்தினாள், எல்லா மாடிக்கும் கேட்கும்படி. முன்னங்கால் நடுக்கம். பச்சைப் புல் இரண்டு வாய். மருத்துவர் கேட்டுவிட்டு, இதயம் சீராகிறது என்றாராம். கன்று? கை வைத்துப் பார்த்திருக்கிறார், அசைவு தெரியவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மல்லிகா இதை மட்டும் கத்தாமல் சொன்னாள்.

மாலை கூட்டம். ஐந்து நிமிடம். வரும் ஞாயிறு ஆள் வைத்து அரளியை வேரோடு எடுப்பது. எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டேன். இட்லிப்பூ, ரோஜா, புல்தரை என்றார்கள். தண்ணீர்? தீர்மானத் தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டேன். பெரும்பான்மை.

கமலா இரவு: "வெட்டட்டும்ங்க. ஒரு வாயில்லாத ஜீவன் பட்ட பாடு பாத்தீங்கல்ல." பிறகு: "சாமிக்கு என்ன பூ வெக்கறது?"

கடிகாரம் மறுபடி நின்றுவிட்டது. பேட்டரி இல்லை, கடிகாரமே போய்விட்டது.


ஜன. 22, வியாழன்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. சுவர் ஓரம் நடந்தேன். நுனி கிள்ளிய இடங்களில் மொட்டு. ஞாயிறுவரைதான். குச்சி சிலது வெட்டி வேறெங்காவது ஊன்றலாமா என்று யோசித்தேன். எங்கே ஊன்றினாலும் அங்கேயும் ஒரு மாடு இருக்கும். விட்டுவிட்டேன்.

பேருந்து நிலையக் கட்டுரை வந்திருக்கிறது. நடத்துநர் சொன்னதை வெட்டிவிட்டார்கள். மற்றதெல்லாம் இருக்கிறது.


ஜன. 23, வெள்ளி

ஆறரை. காவலாளியின் சத்தம். எட்டிப் பார்த்தேன். மல்லிகா, குளித்து மஞ்சள் புடவை, இடுப்பில் கூடை. அரளியின் முன்னால் நிற்கிறாள், பறித்துக்கொண்டிருக்கிறாள். இறங்கிப் போனேன். ஞானவேல் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ற? அதுவும் நீ?"

"பூ பறிக்கிறேன். கண்ணு தெரியல?"

"உன் மாட்டக் கொல்லப் பாத்த செடி அது!"

"மாட்டுக்கு ஆவாது, செரி. அம்மனுக்கு ஆவும்ல? அன்னிக்கு அது மல்லாந்து கெடக்க சொல்ல நான் இன்னா வேண்டிக்கினேன்னு உனுக்குத் தெரியுமா செயலாளரே? எந்திரிச்சு நின்னுட்டா மூணு வெள்ளி செவ்வரளி மால சாத்தறேன்னு தெருமொன அம்மனாண்ட வேண்டிக்கினேன்."

"ஏம்மா, வேற பூவே கெடைக்கலயா உனக்கு?"

"அந்த நேரத்துல யோசிச்சா வேண்டுவாங்க? அம்மனுக்கு அதான் புடிக்கும், வாயில அதான் வந்துச்சு. அதும் இந்தச் செடிதான்னு வேண்டிகீறேன். தப்பு பண்ணது இது, இதுதான் பூ குடுக்கணும்."

ஞானவேல் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "ஞாயித்துக்கிழம எடுக்கறதா தீர்மானம் போட்டாச்சு."

"எடு. இன்னிக்கு ஒண்ணு ஆச்சு. மீதி ரெண்டு வெள்ளிக்கி நீ வந்து அம்மனாண்ட பதில் சொல்லு. கன்னு இன்னும் அசையல, தெரியுமா? வயித்துல கீற அதுக்கும் சேத்துதான் வேண்டிகீறேன்."

மேலே சன்னல்களில் முகங்கள். குழுவில் மாமியாரைப் பற்றி எழுதிய பெண்தான் முதலில் கீழே வந்தாள், கூடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நித்யா. மல்லிகா அவள் கையைத் தட்டிவிட்டாள்: "எல வராம பறி. எல வந்துச்சு, கைய ஒடச்சிருவேன்."

பூ மட்டும். காம்போடு கிள்ளி. ஒரு இலை இல்லை. கட்டியது நூலில். வாழைநார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. பறித்து முடிந்ததும் குழாயடியில் எல்லாரையும் நிற்கவைத்துக் கை கழுவச் சொன்னாள். ஞானவேல் ஒரு பூவையும் தொடவில்லை, அவரும் கழுவினார்.

பத்து மணிக்குக் குழுவில் அவருடைய செய்தி: "ஞாயிறு வேலை சில வாரங்களுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது." கட்டைவிரல்கள். எண்ணவில்லை.


ஜன. 25, ஞாயிறு

கடப்பாரையோடு ஆள் வந்துவிட்டார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஞானவேல் அவரை வைத்து வாசல் பள்ளத்தை மூடச் சொன்னார். போகும் முன் சுவர்மூலையில் ஒரு குழியும். இடுப்பளவு ஆழம். வெட்டும் அரளிக் கழிவுக்கு. மூடப் பலகையும் ஞானவேலே அளந்து அறுத்தார். ஃபோர்மேன்.

தெருப் பக்கம் சுவருக்கு வெளியே நீட்டிய கிளைகளை எல்லாம் வெட்டினேன். சருகு, குச்சி, எல்லாம் குழியில். பலகை. கல். பேபி மேயும் பக்கம் இப்போது ஒரு இலை எட்டாது. பூவும் இல்லை, வெள்ளியன்று போனது. உள்பக்கம் மொட்டு இருக்கிறது, அடுத்த வெள்ளிக்குப் போதும்.

கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தபோது நித்யா தொலைபேசியில். "சார், சீக்கிரம் வாங்க." முகவரி சொல்லவில்லை.

ஓடினேன். நடந்தேன் என்பதே சரி. கொட்டகையில் பேபி நின்றுகொண்டு வைக்கோல் மென்றது. நித்யா பக்கத்தில். மல்லிகா மாட்டின் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"வா சார். இங்க கைய வெச்சுப் பாரு. எனக்குத்தான் அப்டித் தோணுதான்னு தெரியல."

கையை நீட்டினேன்.

"இரு. இப்ப எங்கேருந்து வர்ற?"

அரளி வெட்டிவிட்டு என்றேன்.

"அந்தக் கையோட என் மாட்டத் தொடுவியா நீ? அதோ தொட்டி, அதோ சோப்பு."

கழுவினேன் என்றேன். மறுபடி கழுவு என்றாள். முழங்கை வரை தேய்த்தேன். நகத்துக்கடியில் பார்த்தாள். இன்னொரு முறை தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

வெதுவெதுப்பு. மாடு மெல்லும் அதிர்வு மட்டும்.

உதைத்தது.